பேசப்போகிறவர்

உருவப்படக் கலை பற்றி இளம்பரிதி எழுதிய நூலின் வெளியீட்டு விழா முடிந்ததும், ஒரு பெண்மணி அந்தப் புத்தகத்தை விரித்துப் பிடித்தபடி வந்தார். கையெழுத்துக்குத்தான் என்று எண்ணி இளம்பரிதி பேனாவைத் திறந்தார். மூடிப்போன ஒரு ஸ்டுடியோவில் கிடைத்த, பெயர் தெரியாத மனிதரின் படம் இருந்த பக்கம் அது. ‘இந்தக் கண்கள் நம்மைத்தான் பார்க்கின்றன. இன்னும் ஒரு நொடியில் பேசிவிடுவார்’ என்று அதற்குக் கீழே எழுதியிருந்தார்.

“எங்க அப்பாருங்க இது. செத்ததுக்கப்புறம் நாற்காலியில உக்கார வெச்சு எடுத்ததுங்க. தலை சாயாம நாந்தான் பின்னால நின்னு புடிச்சிருந்தேன். கண்ணை ஸ்டுடியோக்காரர் அப்புறமா வரைஞ்சாரு.”

படத்தில் கழுத்தோரம் தெரிந்த அந்தப் பெண்மணியின் விரல்நுனிகளை நிழல் என்று நினைத்து, அதன் அழகை அரைப்பக்கம் சிலாகித்திருந்தார் இளம்பரிதி. அவர் பேனாவை மூடினார்.

“மன்னிச்சிடுங்கம்மா. அடுத்த பதிப்புல அந்த வரிகளை எடுத்துடறேன்.”

“ஐயோ, எடுத்துறாதீங்க.” அந்தப் பெண்மணி பக்கத்தைக் கையால் மூடிக்கொண்டார். “வீட்டுக்குச் சொல்லாம கண்ணாலம் பண்ணிக்கிட்டேன்னு கடைசி வரைக்கும் அவரு எங்கூடப் பேசவே இல்லீங்க. நீங்க இத்தனை உத்துப் பாத்திருக்கீங்களே, என்ன சொல்ல வந்தாருன்னு ஏதாச்சும் தெரிஞ்சுதுங்களா?”