ஜெமீல் கெடுத்த கார்

"இதுக்குப் பேர் வேலையோ? மாடு மிதிச்ச தகரம்கூட இதைவிட வடிவாயிருக்குமடா!"

தங்கத்துரை போட்ட சத்தத்தில், ஜெமீலின் கராஜுக்கு எதிரே தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவர்கள் கோப்பையோடு எழுந்து வந்துவிட்டார்கள்.

சத்தம் போடாமல் என்ன செய்வார்? கடற்படை டொக்யாட் வாசலில் பட்டாளத்து லொறி ஒன்று உரசி, அவருடைய வாடகைக் காரின் மட்கார்ட்டும் ஒரு கதவும் நெளிந்துபோயின. பத்து நாளாக ஜெமீலிடம் விட்டிருந்தார். இப்போது மட்கார்ட் பலாப்பழம் மாதிரிப் புடைத்து நின்றது. கார் ஒரு பச்சை, கதவு வேறொரு பச்சை. அந்தக் கதவும் பூட்டுப்படவில்லை. கயிறு போட்டுக் கட்டியிருந்தான்.

"யுத்த காலம் அண்ணன். நல்ல தகரமும் இல்ல, நல்ல பெயின்றும் இல்ல," என்று தலையைச் சொறிந்தான் ஜெமீல். "அடுத்த கிழமை கொண்டு வாங்க, திருத்தித் தாறன்."

"அடுத்த கிழமை ஆருக்கு வேணும்? நாளைக்கல்லோ கோட்டை வெளியிலை துரை கார் பாக்க வாறார்!"

ஜப்பான்காரன் குண்டு போட்டதற்கு அடுத்த வருசம் அது. சனிக்கிழமை காலை பட்டினத்துக் கார்களெல்லாம் கோட்டை வெளி மைதானத்துக்கு வரவேண்டும் என்று கட்டளை. எதற்கென்று சொல்லவில்லை. நல்ல காருக்குத்தான் இனிப் பங்கீட்டுப் பெற்றோல் சீட்டு என்று ஊருக்குள் கதை. சீட்டில்லாவிட்டால் கார் ஓடாது. கார் ஓடாவிட்டால் தங்கத்துரை வீட்டு அடுப்பு எரியாது.

"ராவோட ராவாச் செய்ய ஏலாது அண்ணன்," என்றுவிட்டு ஜெமீல் சுத்தியலைத் தேடப் போய்விட்டான்.

தங்கத்துரை லேசில் மறக்கிற ஆளில்லை. விருந்தில் பாரை மீன் தலையை வேறு ஆளுக்குப் போட்டுவிட்டான் என்று, மச்சான் வீட்டுப் படியைப் பதினொரு வருசமாக மிதிக்காதவர்.

"இருந்து பார், உனக்குச் செய்யிறன் வேலை!"

மறுநாள் பன்னிரண்டு கார்கள் வரிசையாக நின்றன. தங்கத்துரைக்குப் போட்டியாக வாடகைக் கார் ஓட்டும் கனகரத்தினத்தின் கறுப்புக் கார் எண்ணெய் தேய்த்த தலை மாதிரி மின்னியது. அதைப் பார்த்துவிட்டுத் தங்கத்துரை தன் கதவுக் கயிற்றை இன்னொருமுறை இறுக்கினார்.

வெள்ளைக்காரத் துரை வந்தார். மொழிபெயர்க்கக் கிளாக்கர் சோமசேகரம் கூடவே வந்தார். துரை ஒவ்வொரு காராகத் தட்டிப் பார்த்து, பிடித்த காரில் வெண்கட்டியால் பெருக்கல் குறிபோல ஒரு புள்ளடி போட்டார்.

தங்கத்துரையின் காருக்கு வந்ததும் நின்றார். கயிற்றைப் பிடித்து இழுத்தார். கதவு கழன்று அவருடைய சப்பாத்தின் மேல் விழுந்தது.

"ஐயா, துரையிட்டைச் சொல்லுங்கோ!" தங்கத்துரை கத்தினார். "காரிலை ஒரு குற்றமும் இல்லை. எல்லாம் கராஜ்கார ஜெமீலின்ரை வேலை. ஆணி அடிக்கத் தெரியாதவன்!"

சோமசேகரம் சொன்னதைக் கேட்டுத் துரை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஜெமீலின் பெயரைக் கொப்பியில் எழுதினார். புள்ளடி போடாமலே அடுத்த காருக்குப் போனார்.

'சீட்டுப் போச்சு' என்று தங்கத்துரை மண்ணிலேயே குந்திவிட்டார்.

அப்போதுதான் பட்டாளத்துக்காரர் வந்து, புள்ளடி போட்ட கார்களின் சாவிகளை வாங்கத் தொடங்கினார்கள்.

"சண்டை முடியுமட்டும் இதுகள் பட்டாளத்துக்கு," என்றார் சோமசேகரம். கனகரத்தினத்தின் கறுப்புக் கார்தான் முதலில் போனது. கனகரத்தினம் சால்வையைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினார்.

"அப்ப என்ரை கார்?"

"அந்தச் சாமான் துரைக்கு வேண்டாமாம். பெற்றோல் சீட்டு வழமைபோலை வரும். கதவைத் தூக்கிக்கொண்டு கெதியா ஓடுங்கோ!"

தங்கத்துரை கதவைக் காருக்குள் போட்டுக்கொண்டு நேரே கராஜுக்குப் போனார்.

"நல்ல காரெல்லாம் பட்டாளம் பிடிக்கப் போகுதெண்டு உனக்கு முதலே தெரியுமோ?"

ஜெமீல் வாசலை எட்டிப் பார்த்துவிட்டு மெல்லச் சொன்னான். "டொக்யாட் லொறி திருத்தப் போன இடத்தில காதில விழுந்திச்சு. வெளியில சொன்னா என்னைப் புடிச்சு மறியல்ல போட்டிடுவாங்க. உங்ககிட்டச் சொன்னா..." சிரித்தான். "கடலுக்கு அங்கால மூதூர் வரைக்கும் கேட்டிருக்கும்."

"மடையா, நான் உன்ரை பேரைத் துரையிட்டைச் சொல்லிப்போட்டன்."

"தெரியும் அண்ணன். இனிமே எனக்கு டொக்யாட் லொறி வேலை இல்லையாம், இப்பதான் ஆள் வந்து சொல்லிட்டுப் போறான். அது கிடக்கட்டும், கதவை இதில வைங்க. ரெண்டு நாளில கண்ணாடி மாதிரி ஆக்கித் தாறன்."

"வேண்டாம். பழையபடி கயிற்றாலை கட்டு."

கட்டி முடிந்ததும் கயிற்றை இழுத்துப் பார்த்துவிட்டுக் காரில் ஏறினார் தங்கத்துரை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அந்தக் கயிற்றுக் கதவுக் காரை எடுத்துக்கொண்டு கரையோரமாகப் புறப்பட்டார். நிலாவெளி, இறக்கக்கண்டி, குச்சவெளி என்று தேத்தண்ணீர்க் கடை கண்ட இடமெல்லாம் இறங்கி நின்று கத்தினார்.

"வந்து பாருங்கோ, ஜெமீல் செய்த வேலையை! பட்டாளமே வேண்டாமெண்டு தள்ளிவிட்டுது! செத்தாலும் அவனிட்டைக் காரைக் குடுத்திடாதேங்கோ!"

திங்கட்கிழமை மத்தியானம் செய்தி மனைவி கோணேஸ்வரியின் காதுக்கு வந்துவிட்டது. கார் தப்பிய கதை முழுக்க அவளுக்குத் தெரியும்.

"நீங்கள் மனுசனோ? அந்தப் பிள்ளை தன்ரை பிழைப்பைக் குடுத்து உங்கடை காரைக் காப்பாத்தினான். அவனையே ஊரூராத் திட்டிக்கொண்டு திரியிறியளே, நாக்கு அழுகிப் போகாதோ?"

"மெல்லக் கதையப்பா," என்றார் தங்கத்துரை. "வாற சனிக்கிழமை நிலாவெளிப் பக்கத்துக் கார் பாக்கத் துரை போறாராம். இப்ப வரேக்கை பாத்தனான், ஒரு கீறலும் இல்லாத ஐஞ்சு காரும் ரெண்டு லொறியும் ஜெமீலின்ரை வாசலிலை வரிசையா நிக்குது."