சுவருக்குள் ஒரு கட்டு

சமையலறைச் சுவரை இடித்துக்கொண்டிருந்த வெர்னா, உள்ளே கிடைத்த தகரப் பெட்டியோடு கணவனிடம் ஓடிவந்தாள்.

"டெல்மர், இங்க பாரு. நம்ம ஊரு பேங்க் அந்தக் காலத்துல தன் பேர்லயே அடிச்ச டாலர் நோட்டு. நீ ஊர் ஊரா தேடுவியே, அதேதான். கட்டாவே இருக்கு."

டெல்மர் வாசல் கதவைச் சாத்தினான்.

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்லையே."

"சொல்லாத. எல்லாத்தையும் அடுப்புல போடு."

"பைத்தியமா உனக்கு? ஒரு நோட்டுக்கே ஆயிரக்கணக்குல டாலர் தருவாங்கன்னு நீதானே சொன்ன?"

"உலகத்துல ஒண்ணே ஒண்ணு இருந்தாத்தான் தருவாங்க. இந்தக் கட்டு வெளிய வந்தா அந்த ஒண்ணும் செல்லாக்காசு."

"அந்த ஒண்ணு எவன்கிட்ட இருந்தா நமக்கென்ன?"

டெல்மர் அலமாரியைத் திறந்து, பிளாஸ்டிக் உறையில் இருந்த அதே மாதிரி ஒரு நோட்டை எடுத்து மேசைமேல் வைத்தான்.

"போன மாசம் ஏலத்துல எடுத்தேன். உலகத்துலயே இது ஒண்ணுதான்னாங்க. அதை நம்பி இந்த வீட்டை அடமானம் வெச்சுட்டேன், வெர்னா."