கையை விடாத அக்கா

சின்ன ஆஸ்பத்திரி ஒன்றில், கத்தரிக்கோல்களைக் கொதிக்கவைக்கும் தட்டில் தண்ணீர்த் துளிகளின் குடும்பம் ஒன்று இருந்தது. எல்லோருக்கும் மேலே இருந்தவள் கடைக்குட்டி. அக்காமார் அவளை இறுக்கிப் பிடித்த பிடியில் அவளுக்கு மூச்சு முட்டியது.

தட்டின் விளிம்பில், நர்ஸ் சிந்திய ஸ்பிரிட் துளி ஒருவன் இருந்தான்.

"கிளம்பறேன், தங்கச்சி" என்றான்.

"அடுப்பே பத்தவைக்கலையே, எப்படிண்ணே போவீங்க?"

"நாங்க ஒருத்தர் கையை ஒருத்தர் லேசாத்தான் பிடிச்சிருப்போம். இந்த ஜன்னல் வெயிலே போதும்."

சொல்லி முடிப்பதற்குள் ஆவியாகிப் போய்விட்டான். அவனுக்காக அழ யாரும் இல்லை.

"அக்கா, என்னையும் விட்டுடேன்" என்று கெஞ்சினாள் கடைக்குட்டி.

"விடத் தெரியாதுடி எங்களுக்கு" என்றாள் பக்கத்திலிருந்த அக்கா.

அடுப்பு எரிந்தது. குடும்பமே கொதித்தது. வந்த சூட்டையெல்லாம் வாங்கிக்கொண்டார்களே தவிர, யாரும் பிடியைத் தளர்த்தவில்லை. நெடுநேரம் வெந்த பிறகுதான் கடைக்குட்டியின் கைகள் ஒவ்வொன்றாகப் பிய்ந்தன. அக்கா அலறியது அவளுக்குக் கேட்டது.

மேலே இடம் தாராளமாக இருந்தது. பேசத்தான் ஒருவரும் இல்லை.

"அக்கா!" என்று கத்தியபடி திரும்பிப் பார்த்தாள். அதற்குள் அக்கா வேறொருத்தியின் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள்.