திங்கட்கிழமை ஊர்வலம்

"திங்கட்கிழமை ஊர்வலம்னு நான் சொல்லிட்டே இருக்கேன், நீ என்னடான்னா..."

"வெள்ளிக்கிழமை டிக்கெட்டுன்னு நானும்தான் சொல்லிட்டே..."

"முதல்ல என்னைப் பேச விடு!"

"பேசிக்கிட்டே இந்தப் பெட்டி மேல உட்காரு. ஜிப் மூட மாட்டேங்குது."

கோபம் குறையாமலே உட்கார்ந்தான் தம்பி. பஸ் பணிமனையில் பிரேக் மெக்கானிக், ஐம்பது வயது. மூன்று வருஷம் கழித்து வந்த அக்கா, ஒரு மாதம் இருப்பேன் என்றவள், பத்தாம் நாளே கிளம்புகிறாள். அதுவும் எப்போது? பணிமனையை மூடப்போவதாக நோட்டீஸ் ஒட்டிய வாரத்தில்!

"நானூறு பேர் வேலை போகப்போகுதுக்கா. வீட்டு ஆளுங்களும் வரணும்னு சங்கத்துல சொல்லிட்டாங்க. எங்கக்கா கோஷம் போட்டா நாலு தெருவுக்குக் கேக்கும்னு பெருமையடிச்சிட்டு வந்திருக்கேன்."

"என் தொண்டையை யாரைக் கேட்டுடா வாடகைக்கு விட்டே?"

சமையலறையிலிருந்து மனைவி சிரிப்பது கேட்டது. அவனுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

"சிரிங்க, நல்லா சிரிங்க! கண்டவனுக்கும் அள்ளிக் கொடுத்து முழுகினது பேங்க். அதைத் தூக்கிவிடக் கவர்மெண்ட் வெளிநாட்டுல கடன் வாங்குச்சு. இப்ப கடன் கொடுத்தவன் கழுத்தைப் பிடிக்கிறான், இவங்க பணிமனையை மூடுறாங்க. பேங்க் கரையேறிடுச்சு, பிரேக் மாட்டினவன் தண்ணியில! கொஞ்ச வருஷம் பொறுத்தான்னா பணிமனை பிழைச்சிடும்னு மந்திரியே சொல்றாரு. பொறுப்பானா அவன்?"

"அவன்னா யாருடா?"

"யாரா? குளுகுளு ரூம்ல கால்மேல கால் போட்டுக்கிட்டு, வட்டி தின்னே தொந்தி வளர்த்தவன். கல்நெஞ்சக்காரன்!"

"அவ்வளவு பெரிய தொந்தியா?" என்று இடுப்பைப் பிடித்தபடி நிமிர்ந்தாள் அக்கா. அயல்நாட்டு ஆஸ்பத்திரியில் இருபத்தெட்டு வருஷம் நோயாளிகளைத் தூக்கித் தூக்கித் தேய்ந்த இடுப்பு.

"பேச்சை மாத்தாதே. அப்படி என்ன தலைபோற வேலை அங்கே?"

"திங்கட்கிழமை ஒரு கூட்டம். ஓட்டுப் போடணும்."

"தபால்ல போடு."

"நேர்ல போய்க் கை தூக்கினாத்தான் செல்லும்."

"கூடப்பிறந்தவன் சோத்துல மண்ணு விழுது, உனக்கு எவனோ வைக்கிற ஓட்டு பெரிசாப் போச்சு!" அவன் குரல் உடைந்தது. "போக்கா. இனிமே எனக்கு அக்கான்னு ஒருத்தி..."

"டேய், வாயை மூடு!" என்று அதட்டிவிட்டு, அவன் தோளில் கை வைத்தாள் அக்கா. "அது எங்க ஆஸ்பத்திரித் தொழிலாளர் பென்ஷன் கூட்டம்டா. மாசாமாசம் எங்க சம்பளத்துல பிடிச்ச பணத்தைத்தான் உங்க கவர்மெண்டுக்குக் கடனாக் கொடுத்திருக்காங்க. முந்தாநாள் போன்ல சொன்னப்பதான் எனக்கே தெரியும். இப்பவே வசூல் பண்றதா, பத்து வருஷம் பொறுக்கிறதான்னு ஓட்டு. என்கூட வேலை பார்த்த அறுபது பேரைப் பொறுக்கச் சொல்லிப் பேசி வச்சிருக்கேன். இப்ப சொல்லு, நான் போய்க் கை தூக்கட்டுமா, இல்ல உன் ஊர்வலத்துல நின்னு என்னை நானே திட்டிக்கட்டுமா?"