பேசி முடித்தால்தான் திறக்கும்

“உங்களை யாருங்க சுண்டைக்காய் வாங்கச் சொன்னா?”

“நீதானடி சொன்ன! கத்திரிக்காய் வேண்டாம்னு…”

“நான் எப்பங்க சொன்னேன்?”

நிலானியும் மதிவாணனும் ஒருவர் பேச்சின் மேல் ஒருவர் கத்தினார்கள். கோபம் ஒன்றுமில்லை. கட்டிலில் கிடந்த மாத்திரைப் பெட்டி பேசுவது கூடத்திலிருந்த மதிவாணனின் அம்மாவுக்குக் கேட்கக் கூடாது, அவ்வளவுதான். நேற்று ஆணுறை கிழிந்துவிட்டது. கைக்குழந்தைக்கு இன்னும் பல்லே முளைக்கவில்லை; அம்மாவோ அதற்குள் அடுத்த பேத்திக்குப் பெயர் தேடிக்கொண்டிருந்தாள்.

“பேசி முடிச்சாத்தான் பெட்டி திறக்கும்மா. இப்பல்லாம் எல்லா மருந்தும் அப்படித்தான்,” என்று சொல்லித்தான் தெருமுனை மெடிக்கல்காரி கொடுத்திருந்தாள்.

“இது கருவைக் கலைக்கும் மாத்திரை அல்ல. கருமுட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடும்…” என்றது பெட்டி.

“சுண்டைக்காய் கசக்கும்னு தெரியாதா?” என்று அலறினாள் நிலானி. மதிவாணன் சிரிப்பை அடக்கத் தலையணையைக் கடித்தான்.

ஒருவழியாகப் பெட்டி ஓய்ந்து, திறந்தது. மாத்திரையை விழுங்கிவிட்டு நிலானி நிம்மதியாக மூச்சு விட்டாள்.

கதவுக்கு வெளியே அம்மாவின் குரல் கேட்டது.

“டேய், நீ போட்ட கூச்சல்ல பெட்டி சொன்னது அவ காதுல விழுந்திருக்காது. மூணு மணி நேரத்துக்குள்ள வாந்தி வந்துட்டா இன்னொண்ணு போடணுமாம், அவகிட்ட சொல்லு!”