மழைப் படம்

பெற்றோர் தினத்தன்று கணக்கு வாத்தியாரைப் பார்க்க நின்ற வரிசை மாடிப்படி வரை நீண்டிருந்தது. ஓவிய டீச்சரின் அறையில் ஈ காக்கை இல்லை. பிள்ளைகள் வரைந்ததையெல்லாம் சுவர் நிறைய ஒட்டிவிட்டு, காலையிலிருந்து வாசலையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

மதியத்துக்கு மேல் ஒருவர் உள்ளே வந்து, ஒவ்வொரு சுவராக நிதானமாகப் பார்த்தார். அவளுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

“உங்க பிள்ளை எந்த வகுப்புங்க?”

“பொண்ணு. ஒன்பதாவது.”

“ஒன்பதாவதா? அப்ப இந்த மழைப் படத்தைப் பாருங்க. அந்த வகுப்புல ஒருத்தி போட்டது. நம்ம சைக்கிள் ஸ்டாண்டுதான், எப்படி நனையுது பாருங்க. எனக்கே இப்படி வராது.”

அவர் அந்தப் படத்தின் முன் வெகுநேரம் நின்றார். பிறகு பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தார்.

“இந்த முனையைக் கொஞ்சம் பிடிச்சுக்கிறீங்களா டீச்சர்?”

படத்துக்குச் சட்டம் போடப் போகிறார் என்று நினைத்து ஆசையாகப் பிடித்துக்கொண்டாள். நாடா படத்தைத் தாண்டி, சுவரின் மறுகோடி வரை போனது.

“எதுக்குங்க இது?”

“நான் தச்சு வேலை பாக்குறவன். அடுத்த வாரத்துலேருந்து இந்த ரூம்ல கணக்கு ஸ்பெஷல் கிளாஸாம். பெஞ்சுக்கு அளவெடுக்கச் சொன்னாங்க. ஹெட்மாஸ்டர் உங்ககிட்ட சொல்லலையா?”

அவள் நாடாவை விடவில்லை.

அவர் தயங்கினார். “அந்த மழைப் படத்தை நான் எடுத்துட்டுப் போகலாமா? போட்டது என் பொண்ணுதான். அவளையும் இந்த ஸ்பெஷல் கிளாஸ்லதான் சேத்திருக்கேன்.”