செவ்வாய்க்கிழமைச் சோதனை

"டீ ஆறுது மேடம், எடுத்துக்குங்க. டிரைவர் அண்ணனுக்கு மட்டும் சர்க்கரை போடல. அவருக்கு ஆகாதுல்ல?"

சாயத்தூள் தொழிற்சாலையின் மேனேஜர் தட்டை நீட்டியதும், மாசுத் தடுப்பு ஆய்வாளருக்குத் தலையே சுற்றியது. திடீர்ச் சோதனை என்று வந்தால் வாசலில் டீ! அதுவும் ஆளுக்கு ஒன்று என்று எண்ணி வைத்த இரண்டு கோப்பை.

இது நான்காவது செவ்வாய்க்கிழமை. ஒவ்வொரு திங்கட்கிழமையும் அவர் மேஜைக்கு ஒரு மொட்டைக் கடிதம் வரும். 'நாளை பதினொரு மணிக்குத் தொழிற்சாலையின் பின்பக்கக் கால்வாயில் விஷக் கழிவைத் திறந்துவிடப் போகிறார்கள்.' அவ்வளவுதான், கையெழுத்து கிடையாது. மணி மட்டும் வாரத்துக்கு வாரம் மாறும்; இந்த வாரம் பதினொன்று. மறுநாள் காலை ஆய்வாளர் ஊர் மேட்டில் கைவிடப்பட்ட கல்குழிப் பக்கம் போகும் வழக்கமான ரோந்தைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, அலுவலகத்துக்கென்று இருக்கும் ஒரே ஜீப்பில் அடித்துப் பிடித்துக்கொண்டு இங்கே ஓடி வருவார். கால்வாய் காய்ந்து வெடித்துக் கிடக்கும். மேனேஜர் சிரித்த முகத்தோடு நிற்பார்.

முதல் தடவை விஷயம் கசிந்தபோது குமாஸ்தாவைச் சந்தேகப்பட்டார். அடுத்த தடவை டிரைவரை. இந்த முறை கடிதத்தைத் தானே பிரித்து, தானே படித்து, கைப்பைக்குள் போட்டுக்கொண்டார். மேலதிகாரிக்குக்கூட விவரம் சொல்லவில்லை. ஜீப் நாற்சந்திக்கு வந்த பிறகுதான், "அண்ணே, இடது பக்கம் திருப்புங்க" என்றார்.

டிரைவருக்கு முகம் சுண்டிவிட்டது. "என் மேலயாம்மா சந்தேகம்? பதினாறு வருஷமா இந்த ஸ்டீயரிங்கப் பிடிச்சிட்டிருக்கேன்."

"யார் மேலயும் இல்லண்ணே. எனக்கு என் மேலயே சந்தேகமா இருக்கு. தூக்கத்துல உளர்றேனோ என்னவோ."

அப்படியும் டீ தயாராக இருக்கிறதே, எப்படி?

"எங்க வேணும்னாலும் பாருங்க மேடம். எவ்வளவு நேரம் வேணும்னாலும் எடுத்துக்குங்க, அவசரமே இல்ல" என்று மேனேஜர் முன்னால் நடந்தார்.

குறை சொல்ல ஒன்றுமில்லை. அமில டிரம்கள் தனியாக, கரைப்பான் டிரம்கள் தனியாக. ஒவ்வொன்றிலும் தேதியோடு சீட்டு. ஆட்கள் கையுறையும் முகமூடியுமாகத் திரிந்தார்கள். கழிவுத் தொட்டி அடிவரை காலி.

"இதுல இருந்தது எங்க?"

"இப்பதான் டேங்கர்ல ஏத்தி சுத்திகரிப்பு நிலையத்துக்கு அனுப்பினோம் மேடம். சாயங்காலம் ரசீது வந்துரும்."

ஆய்வாளர் பெருமூச்சு விட்டார். கீழ்த் தெருவிலிருந்து ஒரு தாய் தினமும் கிணற்றில் எடுத்த மஞ்சள் தண்ணீர் பாட்டிலோடு அலுவலக வாசலில் வந்து நிற்கிறாள். அவள் மகளுக்குக் கை முழுக்கக் கொப்புளம். "உங்க பிள்ளைக்கு இந்தத் தண்ணியக் குடுப்பீங்களா?" என்று நேற்றும் கேட்டாள். மேலதிகாரியோ, "அடுத்த தடவையும் ஒண்ணும் கிடைக்கலைன்னா ஃபைலை மூடிடுங்க" என்று போன வாரமே கறாராகச் சொல்லிவிட்டார். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது ஆய்வாளருக்கு.

மணி பத்தரை. கோப்பையைக் கீழே வைத்தார்.

"மன்னிச்சிருங்க சார். நாலு வாரமா உங்களுக்கு வீண் தொந்தரவு. இனி வரமாட்டோம். ஃபைலை மூடறேன்."

வேறொருவராக இருந்தால் இதற்குள் கும்பிட்டு வழியனுப்பியிருப்பார். மேனேஜரின் முகம் விளக்கெண்ணெய் குடித்தது போல ஆனது.

"ஏன் மேடம், அதுக்குள்ள மூடுறீங்க? ஆபத்தான சரக்கு வச்சிருக்கிற இடம். நீங்க அடிக்கடி வந்தாத்தானே எங்களுக்கும் பயம் இருக்கும்?"

ஆய்வாளர் விழித்தார். இத்தனை வருட உத்தியோகத்தில், சோதனை போடச் சொல்லிக் கெஞ்சும் ஆளை அவர் பார்த்ததே இல்லை.

"எனக்கு வேற வேலையும் இருக்கு சார். மேட்டுக் கல்குழிப் பக்கம் நாலு வாரமா எட்டிப் பாக்கல. இப்படியே நேரா அங்கதான் போறேன்."

"இப்பவேவா?" மேனேஜர் ஓடிவந்து ஜீப் கதவுக்குக் குறுக்கே நின்றார். நெற்றியெல்லாம் வியர்வை. "இன்னொரு டீ சாப்பிட்டுட்டுப் போங்க மேடம்."

"வேண்டாம் சார், வழிய விடுங்க."

"அதில்ல மேடம்... இன்னும் மணி ஆகலையே! பதினொரு மணிக்குத்தான பின்பக்கக் கால்வாயில திறப்பாங்கன்னு எழுதி..."

மேனேஜர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ஆய்வாளர் மெல்லக் கைப்பையைத் திறந்து பார்த்தார். மடித்தது மடித்தபடி கடிதம் உள்ளேயே இருந்தது. அதைப் படித்தவர் அவர் ஒருவர்தான். அதில் இருப்பது தெரிந்த இன்னொருவர் என்றால், அது எழுதியவராகத்தான் இருக்க வேண்டும்.

"போனை என்கிட்டக் குடுத்துட்டு நீங்களும் ஏறுங்க சார்" என்றார் ஆய்வாளர். "டிரைவரண்ணே, உங்களச் சந்தேகப்பட்டதுக்கு மன்னிச்சிருங்க. நேரா கல்குழிக்கு விடுங்க. நாலு வாரமா நம்ம ஜீப்பை இங்க கட்டிப்போட்டுட்டு, இவங்க டேங்கர் அங்கதான் காலியாகுது."